எழுத்து உதிர்ந்து எண் நின்ற கதை

கேகாலை மாவட்டத்தில் ஆங்கிலத்தில் நேவ்ஸ்மியர் என்றும் தொழிலாளர் வாயில் உருளவள்ளி என்றும் வழங்கிய தோட்டம் ஒன்று. 1946இல் கிராம விஸ்தரிப்புக்கென்று அரசாங்கம் அந்தக் காணியை எடுத்துக்கொண்டு, லயத்தில் இருந்தவர்களைக் கிளம்பச் சொன்னது. அவர்கள் கிளம்பவில்லை. போராட்டம் வெடித்தது, வேலைநிறுத்தம் வந்தது, பிறகு நீதிமன்றம். காம்பரா எனப்படும் லயத்து அறையைக் காலி செய்யாமல் இருந்தது அத்துமீறல் குற்றம் என்று வழக்கு. அது லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போய் 1950இல் தீர்ப்பானது. சட்டப் புத்தகங்களில் அதன் பெயர் 'செல்வநாயகம் எதிர் மன்னர்'. பெயரைப் பார்த்து, அதே பெயர் கொண்ட அரசியல் தலைவர் தந்தை செல்வாவை நினைத்துவிட வேண்டாம். இவர் ஒரு தோட்டத் தொழிலாளி.

அந்த வழக்கில் விவகாரம் நிலத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், தீர்ப்பு நின்றது மனத்தின் மேல். நான் இருப்பது தோட்டத் துரைக்குத் தொல்லை என்று தெரிந்தும் ஒருவன் வீட்டை விடாமல் இருக்கிறான். தொல்லை கொடுக்கவேண்டும் என்பதற்காகவே இருக்கிறான் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாமா? விளைவு தெரிந்திருப்பது ஒன்று, அதையே நாடுவது இன்னொன்று. மேலோங்கி நின்ற நோக்கம் எது என்பதை வழக்குத் தொடுத்தவர்தான் நிரூபிக்கவேண்டும் என்ற கோட்பாடு அங்கே பதிந்தது. 1960களில் இந்திய உச்ச நீதிமன்றம் 'மத்ரி எதிர் பஞ்சாப் மாநிலம்' என்ற வழக்கில் இந்தக் கோட்பாட்டை எடுத்து ஆண்டது. கேகாலை லயத்தில் கிளம்பிய கேள்விக்கு பஞ்சாப் வழக்கொன்றில் பதில் பயன்பட்டது.

ஒரு சட்டத்தரணிக்கு இந்தத் தகவல் ஏன் முக்கியம்? பழைய தீர்ப்பு ஒன்றைக் கையில் எடுத்தால் அவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது. பின்னால் வந்த நீதிபதிகள் அதைப் பின்பற்றினார்களா, ஒதுக்கினார்களா, உடைத்தே போட்டார்களா? தெரியாமல் எழுந்து நின்று வாதாடினால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார். இந்தப் பயம்தான் நான் சொல்லப்போகும் கதையின் விதை. ஆய்வுச் சஞ்சிகைகளின் தரத்தை அளக்கிறோம் என்று உலகப் பல்கலைக்கழகங்கள் இன்று பயன்படுத்தும் எண், சட்டத்தரணிகளின் இந்தப் பயத்திலிருந்து பிறந்தது. சட்ட உளவியல் என்ற துறைக்கோ அது சொந்த வீட்டிலிருந்து போய் வேறு ஆளாகத் திரும்பி வந்த பிள்ளை.

1873இல் சிகாகோவில் பிராங்க் ஷெப்பர்ட் என்பவர் ஒரு வியாபாரம் தொடங்கினார். பின்புறம் பசை தடவிய சிறு சிறு சீட்டுகள். இலினாய் மாநிலத்தின் ஒவ்வொரு தீர்ப்பையும் பின்னால் எந்தெந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது என்று அதில் அச்சிட்டிருக்கும். வாங்கியவர் தன் தீர்ப்புத் தொகுதியில் அந்தந்தப் பக்க ஓரத்தில் ஒட்டிக்கொள்வார். சீட்டுகள் பெருகிப் புத்தகமாயின. அமெரிக்கச் சட்டத்தரணிகளின் பேச்சில் 'ஷெப்பர்ட் பண்ணிப் பார்த்தாயா' என்பது வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

அந்தப் புத்தகத்தின் உயிர், எண்களுக்குப் பக்கத்தில் நின்ற சின்ன எழுத்துகளில் இருந்தது. பின்பற்றப்பட்டது என்றால் ஓர் எழுத்து. வேறுபடுத்திக் காட்டப்பட்டது என்றால் இன்னொன்று. விமர்சிக்கப்பட்டது, ஐயத்துக்குள்ளானது, அடித்துப்போடப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. தீர்ப்பைப் படித்து, நீதிபதி என்ன மனநிலையில் பழைய வழக்கைத் தொட்டார் என்று தீர்மானித்து எழுத்தைப் போட்டது ஒரு மனிதர். எங்கள் நேவ்ஸ்மியர் வழக்கு அப்படியொரு புத்தகத்தில் ஏறியிருந்தால் பக்கத்தில் மத்ரி வழக்கும், 'பின்பற்றப்பட்டது' என்ற எழுத்தும் நின்றிருக்கும். எத்தனை பேர் குறிப்பிட்டார்கள் என்ற எண்ணிக்கை ஷெப்பர்டுக்குப் பெரிய விஷயமே இல்லை. ஒரே ஒரு மேல் நீதிமன்றம் அடித்துப் போட்டால், அதற்கு முன் நூறு பேர் பாராட்டியிருந்தாலும் வழக்கு செத்தது செத்ததுதான்.

இது தீர்ப்புகளுக்கு. நிபுணர் எழுதிய நூலை நீதிமன்றம் எப்படி எடைபோட்டது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம், ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இந்தியாவுக்கு 1872இல் வரைந்த சட்டத்தின் அச்சில் வார்த்தது. அதன் 60ஆம் பிரிவு, நிபுணர் நேரில் வந்து சாட்சி சொல்லமுடியாத நிலையில் அவருடைய நூலை நீதிமன்றத்தில் காட்டலாம் என்கிறது. எப்படிப்பட்ட நூல்? பொதுவாக விற்பனைக்கு வைக்கப்படும் நூல். கடையில் கிடைக்கவேண்டும், எழுதியவர் இறந்திருந்தாலோ அழைக்க முடியாதிருந்தாலோ போதும். இதைவிட எளிமையான தரச் சோதனையை நான் எங்கும் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் நூல் அச்சேறுவதே ஒரு வடிகட்டல் என்பதால் ஸ்டீபனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சட்ட உளவியல் தனக்கென்று சஞ்சிகை வைத்துக்கொண்டதும் கிட்டத்தட்ட அதே காலம்தான். ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் 1903இல் சாட்சியத்தின் உளவியலுக்கென்றே ஓர் இதழைத் தொடங்கி நடத்தினார். கண்ணால் பார்த்தவன் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு நினைவின் கைவேலை என்பது அதன் விசாரணை. 1908இல் ஹார்வர்ட் பேராசிரியர் ஹியூகோ முன்ஸ்டர்பெர்க் 'சாட்சிக் கூண்டில்' என்று பொருள்படும் நூலொன்றை வெளியிட்டு, உளவியலைச் சட்டத்தரணிகள் மதிக்கவில்லை என்று இடித்துரைத்தார். அடுத்த ஆண்டே சான்றுச் சட்ட மேதை ஜான் விக்மோர் ஒரு கற்பனை வழக்கை எழுதினார். அதில் சட்டத்தரணிகள் வாதிகள், முன்ஸ்டர்பெர்க் பிரதிவாதி, குற்றம் அவதூறு. சட்டத்தரணிகள் வென்றார்கள், நட்டஈடு ஒரு டொலர். கிண்டலுக்குள் ஒரு நியாயம் இருந்தது. நீங்கள் சொல்லும் ஆய்வு எங்கே அச்சாகியிருக்கிறது, அதைச் செய்தவர்களே அது நீதிமன்றத்துக்குத் தயார் என்று ஒப்புக்கொள்கிறார்களா என்று விக்மோர் கேட்டார். நீண்ட நூற்பட்டியல் ஒன்றையும் இணைத்திருந்தார். அதில் இருந்தவை பெரும்பாலும் ஜெர்மன் மொழி எழுத்துகள். சட்ட உளவியலில் சஞ்சிகைத் தரம் பற்றிய முதல் சண்டை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சண்டை என்றாலும் இரு தரப்பும் படித்துவிட்டுப் போட்ட சண்டை.

இனி எண் பிறந்த இடத்துக்கு வருவோம். 1950களின் தொடக்கத்தில் பால்டிமோரில் ஜான்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், மருத்துவக் கட்டுரைகளை எந்திரத்தின் உதவியோடு அட்டவணைப்படுத்தும் வெல்ச் திட்டம் நடந்துகொண்டிருந்தது. யூஜின் கார்ஃபீல்ட் என்ற இளைஞர் அதில் வேலை. 1953இல் அந்தத் திட்டத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் வில்லியம் அடேர், ஷெப்பர்ட் நிறுவனத்தின் துணைத்தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். சட்டத்தில் நாங்கள் செய்வதை நீங்கள் ஏன் விஞ்ஞானத்துக்குச் செய்யக்கூடாது என்பது கடிதத்தின் சாரம். கார்ஃபீல்ட் நூலகத்துக்குப் போய் ஷெப்பர்டைப் புரட்டிப் பார்த்தார், பிடித்துக்கொண்டார். 1955இல் 'சயன்ஸ்' இதழில் விஞ்ஞானத்துக்கான மேற்கோள் அட்டவணை பற்றிய அவருடைய கட்டுரை வந்தது.

அந்தக் கட்டுரையில் அவர் முன்வைத்த நோக்கம் இன்று பலருக்கு மறந்துபோனது. பிழையான, காலாவதியான, மோசடியான ஆய்வை ஒருவர் தெரியாமல் எடுத்தாளக் கூடாது. அந்த ஆய்வைப் பின்னால் யார் கண்டித்தார்கள் என்று தேடிப் பிடிக்க வழி வேண்டும். கண்டனத்தைக் கண்டுபிடிப்பதுதான் கருவியின் வேலை. அப்பட்டமான ஷெப்பர்ட் சிந்தனை. தாக்கக் காரணி என்ற சொல்லும் அதே கட்டுரையில் போகிறபோக்கில் வந்தது.

பிலடெல்பியாவில் கார்ஃபீல்ட் நிறுவிய விஞ்ஞானத் தகவல் நிறுவனம் 1960களில் விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை வெளியிடத் தொடங்கியபோதுதான் நடைமுறைச் சிக்கல் எழுந்தது. உலகத்துச் சஞ்சிகைகளை எல்லாம் சேர்க்கக் காசு கட்டாது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது? வெறும் மேற்கோள் எண்ணிக்கையை வைத்தால் மொத்தமொத்தமாக அச்சிடும் பெரிய சஞ்சிகைகளே முன்னால் நிற்கும். அதனால் கார்ஃபீல்டும் ஏர்விங் ஷெர் என்பவரும் ஒரு வகுத்தலைச் செய்தார்கள். முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டில் கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் தொகையால் வகுப்பது. சும்மா ஒரு கணக்குக்கு, இரண்டு ஆண்டில் அறுபது கட்டுரை, இந்த ஆண்டு நூற்றைம்பது மேற்கோள் என்றால் தாக்கக் காரணி 2.5. அவ்வளவுதான். எந்தச் சஞ்சிகையை அட்டவணையில் சேர்ப்பது என்ற கடைக்காரனின் கேள்விக்குக் கண்ட பதில் இது. 1973இல் சமூக விஞ்ஞானங்களுக்கும் தனி அட்டவணை வந்தது; உளவியலும் சட்டமும் அதில் ஏறின. 1975இலிருந்து சஞ்சிகைகளின் காரணிகளைப் பட்டியலாகவே வெளியிட ஆரம்பித்தார்கள். நூலகர் எதற்குச் சந்தா கட்டுவது என்று பார்க்க வாங்கினார். பிறகு அந்தப் பட்டியல் நூலகத்தை விட்டு வெளியே நடந்து, ஆளெடுக்கும் குழுவின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பெயர்ச்சியில் ஷெப்பர்டின் எழுத்து உதிர்ந்துவிட்டது. எந்திரத்துக்கு எண்ணத் தெரியும். பாராட்டா வசையா என்று படிக்கத் தெரியாது. படிக்க ஆள் வைத்தால் இலட்சக்கணக்கான கட்டுரைக்குக் கட்டுப்படியாகாது. ஆக எண் மட்டும் நின்றது. அதன் கூத்தைப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு போதும். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதாக 1998இல் 'லான்செட்' வெளியிட்ட வேக்ஃபீல்ட் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதைக் குறிப்பிட்டவர்களில் பெரும்பாலோர் அது தவறு என்று சொல்லத்தான் குறிப்பிட்டார்கள். எண்ணிக்கையில் அத்தனையும் வரவு. ரத்தினபுரி, கேகாலை ரப்பர்த் தோட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: ஸ்டோரில் பாலை லீட்டர் கணக்கில் மட்டும் அளந்தால் தண்ணீர் கலந்தவனுக்கே லாபம், அதனால்தான் பாலின் திடத்தைக் காட்டும் மெட்ரோலாக்கை முக்கிப் பார்க்கிறார்கள். கார்ஃபீல்டின் எண் லீட்டர் அளவை. மெட்ரோலாக் ஷெப்பர்டின் புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

எல்லாத் துறைக்கும் இந்தக் குறை உண்டு. சட்ட உளவியலில் அது இரட்டிப்பாகிறது. அமெரிக்காவில் உளவியல்-சட்டச் சங்கம் 1969இல் உருவானது. அதன் சஞ்சிகை 'லோ அண்ட் ஹியூமன் பிஹேவியர்' 1977இல் தொடங்கியது. 'சைக்கோலொஜி, கிரைம் அண்ட் லோ' 1994இலும், பிரித்தானிய உளவியல் சங்கத்தின் 'லீகல் அண்ட் கிரிமினொலொஜிக்கல் சைக்கோலொஜி' 1996இலும் வந்தன. துறை சின்னது, மேற்கோள் காட்ட ஆட்களும் குறைவு. இதய நோய்ச் சஞ்சிகையின் எண்ணோடு பக்கத்தில் வைத்தால் பரிதாபமாகத் தெரியும்.

அதைவிட முக்கியமானது, இந்தத் துறையின் உண்மையான வாசகர் யார் என்பது. நீதிபதி, சட்டத்தரணி, பொலிஸ் அதிகாரி. அவர்கள் படித்துப் பயன்படுத்தினால் எண்ணில் ஏறாது. அடையாள அணிவகுப்பை எப்படி நடத்தினால் அப்பாவி மாட்டமாட்டான் என்று கேரி வெல்ஸ் முதலானோர் 1998இல் எழுதிய பரிந்துரைகள் 'லோ அண்ட் ஹியூமன் பிஹேவியர்' இதழில்தான் வந்தன. 2011இல் நியூ ஜெர்சி மாநில உச்ச நீதிமன்றம் ஹெண்டர்சன் வழக்கில், கண்கண்ட சாட்சியம் பற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வுகளை ஒரு சிறப்பு விசாரணையாளர் மூலம் அலசிப் பார்த்து, ஜூரிகளுக்கு நீதிபதி சொல்லும் அறிவுரையையே மாற்றியது. ஒரு சட்ட உளவியல் கட்டுரைக்கு இதைவிடப் பெரிய கௌரவம் என்ன இருக்கிறது? சஞ்சிகையின் தாக்கக் காரணியில் அந்தத் தீர்ப்பின் பங்கு பூச்சியம். தீர்ப்பைத் தீர்ப்பு மேற்கோள் காட்டும் பழக்கத்திலிருந்து பிறந்த அளவுகோல், தீர்ப்பு காட்டும் மேற்கோளைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு ஆண்டு வரம்பும் அப்படித்தான். 1950ஆம் ஆண்டின் நேவ்ஸ்மியர் தீர்ப்பை மத்ரி வழக்கு எடுத்தாண்டது பத்து ஆண்டுக்கும் மேல் கழித்து. சட்டத்தின் நடை அது. கார்ஃபீல்ட் கணக்கில் அந்த மேற்கோள் சேராது.

இன்னொரு கூத்தும் உண்டு. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் சஞ்சிகைகளைத் தேர்ந்தெடுத்துத் தொகுப்பவர்கள் மாணவர்கள். 1887இல் தொடங்கிய ஹார்வர்ட் சட்ட இதழ் முதல் வழக்கம் அதுதான். உளவியலிலோ துறை அறிஞர்கள் பெயர் மறைத்துப் படித்துக் கருத்துச் சொன்ன பிறகுதான் கட்டுரை அச்சாகும். ஆக, ஒரே ஆய்வாளர் தன் கட்டுரையைச் சட்ட இதழில் போட்டால் சட்டத்துறையில் தலைநிமிர்ந்து நடக்கலாம், உளவியல் துறையில் 'மாணவர்கள் பார்த்த இதழ்தானே' என்று முணுமுணுப்பார்கள். வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகம் வெளியிடும் சட்டச் சஞ்சிகைப் பட்டியல் மட்டும் நீதிமன்றங்கள் காட்டும் மேற்கோளையும் எண்ணுகிறது. அங்கேயும் எண்ணிக்கைதான், எழுத்தில்லை.

நீதிமன்றங்களே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது தனிக்கதை. 1923இல் ஃப்ரை வழக்கில், இரத்த அழுத்தத்தை வைத்துப் பொய் பிடிக்கும் சோதனையை அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ஏற்க மறுத்தது. துறையில் பொதுவாக ஏற்கப்பட்டதாக இருக்கவேண்டும் என்றது. சோதனையை உருவாக்கிய வில்லியம் மார்ஸ்டன்தான் பின்னால் 'வொண்டர் வுமன்' சித்திரக்கதையைப் படைத்தார். அதன் நாயகி கையில் உண்மை பேசவைக்கும் கயிறு இருப்பது சும்மா இல்லை. 1993இல் டோபர்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விஞ்ஞானச் சான்று துறை அறிஞர் பரிசீலனைக்குப் பிறகு அச்சானதா என்பதை நீதிபதி கவனிக்கலாம் என்றது. அது ஒன்றே போதாது என்றும் சேர்த்துச் சொன்னது. அந்த இரண்டாம் வாக்கியத்தைச் சொல்பவர்கள் குறைவு.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி ஏட்டுச் சுரைக்காயாக இல்லை. 2008இல் புனே நீதிமன்றம் ஒன்று, மூளை அலைச் சோதனை ஒன்றையும் ஆதாரமாகக் கொண்டு கொலைக் குற்றத்துக்குத் தண்டனை வழங்கியது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவன இயக்குநர் தலைமையில் கூடிய குழு அந்த வகைச் சோதனை விஞ்ஞானபூர்வமானதல்ல என்று சொன்னது. 2010 மே 5இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், ஒருவர் சம்மதமில்லாமல் இப்படிப்பட்ட சோதனைகளைச் செய்யக்கூடாது என்று தீர்த்தது. இலங்கையில் 2015இல் கொட்டதெனியாவவில் ஒரு சிறுமி கொலையான வழக்கில், ஒருவர் தானே செய்ததாக ஒப்புக்கொண்டார். மரபணுச் சோதனை காட்டியது வேறொருவரை. செய்யாத குற்றத்தை ஏன் ஒருவன் ஒப்புக்கொள்கிறான் என்பதற்கு சோல் கேசினும் ஐந்து அறிஞர்களும் சேர்ந்து 2010இல் எழுதிய நீண்ட அறிக்கை, மேலே சொன்ன அதே 'லோ அண்ட் ஹியூமன் பிஹேவியர்' சஞ்சிகையில் இருக்கிறது. பலாங்கொடையிலோ ருவன்வெல்லையிலோ ஒரு சட்டத்தரணி அதை நீதவானிடம் காட்ட நினைத்தால் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் நிபுணரைத் தேடவேண்டும். அல்லது 60ஆம் பிரிவின் 'விற்பனைக்கு' என்ற சொல்லைப் பிடித்துத் தொங்கலாம். சஞ்சிகைக் கட்டுரைகள் இணையத்தில் டொலர் விலைக்குத்தான் கிடக்கின்றன, அந்த நிபந்தனை பூர்த்தி!

விற்பனை என்ற அந்தப் பழைய சோதனை இதற்கிடையில் தலைகீழாகியும் விட்டது. முன்பு வாசகன் காசு கொடுத்தான். இன்று எழுதியவரே காசு கட்டினால் சில நாட்களில் அச்சிட்டுத் தரும் சஞ்சிகைகள் புற்றீசல். பதவி உயர்வு எண்ணைப் பார்க்கிறது, எண்ணுக்குச் சந்தை வருகிறது. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற சஞ்சிகைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, 2018இல் அதிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தூக்கியெறிந்து, பிறகு கேர் என்ற புதிய பட்டியலை உருவாக்கி, 2025இல் அதையும் கைவிட்டது. இலங்கையில் பேராசிரியர் பதவிக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 916ஆம் இலக்கச் சுற்றறிக்கை புள்ளித் திட்டம் வகுத்தது. கட்டுரை எங்கே வந்தது என்பதைப் பொறுத்துப் புள்ளி.

சமனலவெவ மின் திட்டத்துக்காகக் கட்டிய கட்டடங்களில் 1996இல் தொடங்கிய பெலிஹுல்ஓயா சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் ஓர் இளம் விரிவுரையாளரை நினைத்துக்கொள்கிறேன். அவரைச் சுற்றி ஆய்வுக்கு விஷயம் கொட்டிக் கிடக்கிறது. இந்த மாகாண நீதிமன்றங்களின் பதிவு மொழி சிங்களம். தமிழ் மட்டும் தெரிந்த தோட்டத்துச் சாட்சி சொல்வது மொழிபெயர்ப்பு முதலியாரின் வாய் வழியாகத்தான் நீதவானைச் சேர்கிறது. தயங்கிச் சொன்னது உறுதியாக மாறுகிறதா, 'பார்த்தேங்க' என்பதில் இருக்கும் பணிவு மொழிபெயர்ப்பில் பயமாகத் தெரிகிறதா? அமெரிக்காவில் ஸ்பானிய மொழிச் சாட்சிகளுக்கு நேர்வதை சூசன் பெர்க்-செலிக்சன் 1990இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். மொழிபெயர்ப்பாளர் மரியாதைச் சொல்லைக் கூட்டினாலோ குறைத்தாலோ கேட்பவர் சாட்சியை எடைபோடுவதே மாறுகிறது என்று காட்டினார். அதே ஆய்வை எகலியகொடையில் செய்து தமிழிலும் சிங்களத்திலும் எழுதினால், படித்துப் பயன்பெறப்போவது அந்த நீதிமன்றம்தான். ஆனால் உலக அட்டவணை அதை எண்ணாது. ஆங்கிலத்தில், வெளிநாட்டுச் சஞ்சிகையில், அவர்களுக்குச் சுவாரசியமான கேள்வியாக மாற்றி எழுதினால் புள்ளி. இதில் அந்த விரிவுரையாளரை நான் குற்றம் சொல்லமாட்டேன். வீட்டுக் கடனும் பதவி உயர்வும் அவருக்கும் உண்டு. குற்றம், கடைக்காரன் தன் இருப்புக்காகப் போட்ட கணக்கை எடுத்து மனிதருக்கு விலை போட்டவர்கள் மேல்.

எதிர்ப்பு கிளம்பாமல் இல்லை. ஆய்வாளரைச் சஞ்சிகையின் காரணியால் அளக்காதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பிரகடனம் உருவாகி உலகெங்கும் கையொப்பம் சேர்ந்தது. எழுத்தைத் திரும்பக் கொண்டுவரவும் ஒரு முயற்சி நடக்கிறது. சைட் என்ற அமெரிக்க நிறுவனம், ஒரு கட்டுரையை இன்னொன்று ஆதரித்ததா, முரண்பட்டதா, சும்மா குறிப்பிட்டதா என்று எந்திரத்தையே வைத்துப் பிரிக்கப் பார்க்கிறது. பெரும்பாலான மேற்கோள்கள் 'சும்மா குறிப்பிட்டது' வகையில் போய் விழுகின்றன. ஷெப்பர்ட் இன்று லெக்ஸிஸ்நெக்ஸிஸ் கையில். பசைச் சீட்டும் எழுத்தும் போய், செத்த தீர்ப்பின் பக்கத்தில் திரையில் சிவப்புக் குறி எரிகிறது.

தாக்கக் காரணியின் இன்றைய உரிமையாளரான கிளாரிவேட் 2023இல் ஒரு சின்ன வேலை செய்தது. அதுவரை மூன்று தசம தானத்தில் வந்த எண்ணை ஒரே தசமத்துக்குக் குறைத்தது. 2.514உம் 2.487உம் இப்போது ஒன்றுதான், இரண்டும் 2.5. சஞ்சிகைகள் கூட்டம் கூட்டமாகச் சமநிலையில் வந்து நிற்கின்றன. நிறுவனம் எதிர்பார்த்ததும் அதைத்தான். சமமாக நிற்கும் இரண்டில் எது மேல் என்று சொல்ல, தேர்வுக் குழுவில் யாராவது ஒருவர் அவற்றைத் திறந்து படிக்கவேண்டியிருக்கும்.